மூன்று வருஷக் கணக்கு

தொழில் நிர்வாகத்தைத் தனியொரு சாஸ்திரமாக வகுத்துக் காட்ட முற்பட்டவர்களுள் முன்னவராகிய ஹென்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர், 1916-இல் வெளியிட்ட தம் நூலில், நிர்வாகிக்கு உரிய ஐந்து காரியங்களைச் சொல்லி, வரப்போவதை உத்தேசித்து இன்றே ஏற்பாடு செய்து வைப்பதை அவற்றுள் முதலாவதாக நிறுத்தினார். அந்தப் பெயரை அறியாமலே, அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்துகொண்டு கடலுக்கு அப்பால் லேவாதேவி நடத்திய நகரத்தார், அந்தக் காரியத்தைப் புத்தகத்தில் எழுதாமல் பழக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஏற்பாட்டின் அருமையையும், அது எங்கே பொய்த்தது என்பதையும் ஒருங்கே காண்பதற்கு ஏற்ற இடம் பர்மா.

அவர்களுடைய திட்டம் பணத்திலிருந்து தொடங்கவில்லை, பையனிலிருந்து தொடங்கிற்று. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு என்று எண்சுவடியை மனப்பாடம் செய்து, காகிதமும் பேனாவும் இல்லாமலே வட்டியைக் கூட்டிச் சொல்லும் வரையில் பழகிய சிறுவன், பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்து, கூட்டிப் பெருக்குவது முதல் வசூலுக்கு நடப்பது வரை எல்லா வேலையும் செய்து, பிறகு அடுத்தாளாகி, அதற்கும் பிறகே மேலாளாக உயர்ந்து, இன்னொருவருடைய முதலைக் கையாளும் அதிகாரத்தைப் பெற்றான். முதலாளியின் சொந்தப் பிள்ளையே ஆனாலும் வேறொருவர் கடையில் பையனாக இருந்து தொழில் படித்து வருவதுண்டு. பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தேவைப்படப்போகும் மனிதனை இன்றே வளர்க்கத் தொடங்குவதைத் திட்டமிடல் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

இப்படி வளர்ந்தவன் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகும்போது அவனுக்கு விதிக்கப்பட்ட காலம் மூன்று வருஷம். அதை ஒரு கணக்கு என்பார்கள். சம்பளம் மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே பேசப்பட்டு, அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் குடும்பத்தின் கையில் சேர்ந்துவிடும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். மேலாள் ஊருக்குக் கடிதமும் கணக்கும் தவறாமல் அனுப்புவார். காலம் முடிந்ததும் ஐந்தொகை எழுதி, புதிதாக வந்த மேலாளுடன் சிறிது காலம் இருந்து கடன்காரரையும் காகிதங்களையும் காட்டி ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். லாபத்தில் அவருக்கு உரிய பங்கு அப்போதுதான் தீர்க்கப்படும். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் வியப்பது அதன் அடக்கத்தை. காரைக்குடித் திண்ணையில் இருக்கும் முதலாளியால் ஐராவதி டெல்டாவில் உள்ள ஒரு கடையை அன்றாடம் மேற்பார்வை செய்ய இயலாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அன்றாட முடிவு முழுவதையும் மேலாளிடம் விட்டுவிட்டு, ஆளைத் தேர்வதையும் காலத்தை வரையறுப்பதையும் கணக்கைப் பார்ப்பதையும் மட்டும் முதலாளி தம் கையில் வைத்துக்கொண்டார். ஏமாற்ற நினைப்பவனுக்கு ஒன்பது நகரக் கோயில்களின் பந்தமும் சம்பந்தி உறவுமே காவலாக நின்றன. கோர்ட்டை விட அந்தக் காவல் கடுமை என்பதை ஊர்ப்பக்கம் பழகியவர்கள் அறிவார்கள்.

பணத்துக்கும் அவ்வாறே ஒரு கிரமம் இருந்தது. சொந்த முதலோடு உறவினர் வைப்பும் கோயில் பணமும் சேரும். பெரிய அடத்திக் கடைகள் சிறிய கடைகளுக்குக் கடன் கொடுக்கும். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்த பிறகு, சதுப்பு நிலமெல்லாம் வயலாகி 1930 அளவில் 80 லட்சம் ஏக்கருக்கும் மேல் நெல் விளையும்படி ஆனதற்குப் பர்மியக் குடியானவனின் உழைப்போடு இந்தப் பணமும் காரணமாக இருந்தது.

ஆனால், மனிதனைப் பற்றி இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர்கள் நெல்லின் விலையைக் கணக்கிடவில்லை. தவணைக்கு வாங்கிய பணத்தை, அறுவடையையும் நிலத்தையும் நம்பி நெடுங்கடனாகக் கொடுத்துவந்தார்கள். ஒரே பயிர், ஒரே தேசம், ஒரே வகையான ஈடு. ஒரு கடன்காரன் தவறினால் மற்றவன் கொடுப்பான் என்ற அனுமானம், எல்லாரும் ஒரே சமயத்தில் தவறும் வரையில் சரியாகவே இருந்தது. 1930-இல் உலக மந்தம் வந்து, நெல் விலை சில வருஷங்களுக்குள் பாதிக்கும் கீழாக இறங்கியபோது, கடனுக்கு ஈடாக இருந்த நிலம் கடனுக்குப் பதிலாகவே வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938-க்குள் 25 பங்காயிற்று. கைமாறிக்கொண்டே இருப்பதுதான் பணம் என்று எண்ணி வாழ்ந்தவர்களுக்கு, விற்கவும் முடியாமல் உழவும் தெரியாமல் கிடந்த அந்த வயல்கள் வரமாக வரவில்லை. நிலத்தை இழந்த பர்மியனுக்கோ அது பொறுக்க முடியாத அநீதியாகத் தெரிந்தது. இரண்டு தரப்பின் மனத்தாங்கலும் நியாயமானதுதான்.

மாற்றி யோசித்தவர்களும் இல்லாமல் போகவில்லை. 1937-இல் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். பர்மாவின் மோல்மேனில் 1900-இல் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார் யுத்தத்துக்கு முன்பே தம் முதலை இந்தியாவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1949-இல் அவர்கள் சைக்கிள் தொழிலில் இறங்கியதும், அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்ததும் அந்த முன்யோசனையின் தொடர்ச்சியே. மற்றவர்களில் பெரும்பாலோர், விலை ஏறும், நிலத்தை விற்றுவிடலாம் என்று காத்திருந்தார்கள்.

விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. ஆனால் காத்திருத்தல் அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அன்றே, முடிந்துவிட்டது எனலாம். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அரக்கான் மலைவழியிலும் மணிப்பூர்ப் பாதையிலும் கால்நடையாகவும் புறப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு மூன்று வருஷம் நிறைந்திருக்கவில்லை. ஐந்தொகையை ஒப்புக்கொள்ள வேண்டிய அடுத்த மேலாள் எந்தக் கப்பலிலும் வரவில்லை.