உளக்காயம் உணர்ந்த பொதுப்பணி: நெய்வேலி வட்டாரம்

பேரிழப்பு, விபத்து, வன்முறை ஆகியவற்றால் மனம் புண்பட்டவர்கள் தம்மிடம் வருவார்கள் என்பதை முன்கூட்டியே மனத்தில் கொண்டு மருத்துவமனை, பள்ளி, காவல் நிலையம், வருவாய் அலுவலகம் முதலியவை தம் நடைமுறையை அமைத்துக்கொள்வதே உளக்காயம் உணர்ந்த பொதுப்பணி. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காமை, அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்னரே தெரிவித்தல், முடிவெடுப்பதில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் தருதல் ஆகியவை இதன் அடிப்படைகள்.

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இதற்கான தேவை சுரங்கத்தோடு பிறந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று சுரங்க வெட்டுப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் மேல்மண் முழுவதையும் அகற்ற வேண்டும். மண்ணோடு வீடும் வயலும் மட்டுமல்ல, குலதெய்வக் கோயிலும் முன்னோரைப் புதைத்த இடமும் போயின. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இழப்பை ரூபாயில் மட்டுமே அளந்தது. சமூகத் தாக்க ஆய்வு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கட்டாயமாயிற்று. நிறுவனத்தின் நகரியத்துக்குள் எண்ணிட்ட வட்டங்கள், பள்ளிகள், நிறுவன மருத்துவமனை எல்லாம் எழுந்தன. நிலம் கொடுத்த குடும்பங்களில் பலர் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் ஆனார்கள். இவ்வட்டாரத்தின் முதல் உளக்காயம் இதுவே; பின்னர் வந்தவை எல்லாம் இதன்மேல் படிந்தவை.

உளநலப் பணியை ஊர்மக்கள் கையில் கொடுக்கும் முறை இம்மாவட்டத்துக்குக் கடல்வழி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர்க் கடற்கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. அவர்கள் வீடுவீடாகப் போய் அமர்ந்து, பேச விரும்பியவரைப் பேசவிட்டுக் கேட்டார்கள். 1984 போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் அங்கிருந்த மருத்துவர்களுக்கு அளித்த உளநலப் பயிற்சி இதற்கு முன்னோடி. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இலங்கை உள்நாட்டுப் போரின் காயம் தனிமனிதரோடு நில்லாமல் சமூகத்தையே சிதைக்கிறது என்று எழுதினார். தமிழ்ச் சூழலுக்கு நிம்ஹான்ஸ் முறையைவிட இவருடைய பார்வை நெருக்கமானது. ஊரையே இழந்த நெய்வேலிக் கிராம மக்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

2020இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்கள் மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாள்களில் வெடித்தன. ஜூலை விபத்தில் ஆறு பேர் அன்றே மாண்டனர். தீக்காயமுற்றவர்களில் மேலும் பலர் பின்னர் இறந்தனர். இழப்பீடும் வாரிசு வேலையும் அறிவிக்கப்பட்டன. உடன் வேலை செய்து காயமின்றி உயிர் தப்பியவர்கள் இழப்பீட்டுப் பட்டியலில் வரமாட்டார்கள். மறுபடி அதே கொதிகலன் அருகே நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். 2023 ஜூலையில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் வளர்ந்து நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் பதில். வளர்ந்த பயிர் அழிவதைக் கண்ணால் பார்த்த உழவருக்கு அது ஆறுதலாகாது.

இத்தகைய காயங்களோடு வாழ்பவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் டெலி மனஸ் என்னும் அரசின் தொலைபேசி உளநல உதவி 14416 எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.