43ஆம் மூலகம்

1871இல் மெண்டெலீவ் வெளியிட்ட ஆவர்த்தன அட்டவணையில் மங்கனீசுக்குக் கீழுள்ள இடம் வெறுமையாயிருந்தது. அங்கு அமைய வேண்டிய மூலகத்துக்கு ஏகமங்கனீசு என அவர் தற்காலிகப் பெயரிட்டார். அவர் முன்னறிவித்த கல்லியமும் செர்மானியமும் பதினைந்து ஆண்டுகளுக்குள் கிடைத்தன. இதுவோ அறுபது ஆண்டுகள் கழிந்தும் அகப்படவில்லை.

1925இல் பேர்லினில் நொடாக், ஈடா தாக்கே, பேர்க் ஆகியோர் 43ஆம், 75ஆம் மூலகங்களைக் கண்டதாக அறிவித்தனர். பின்னதாகிய இரேனியம் விரைவில் உறுதியாயிற்று. மசூரியம் எனப்பட்ட முன்னதைப் பிரித்துக்காட்ட எவராலும் இயலவில்லை. ஒரே அறிவிப்பின் ஒரு பாதி நிலைத்தமையாலேயே மறுபாதியும் பல காலம் பாடநூல்களில் இடம்பெற்றது போலும்.

விடை எந்தச் சுரங்கத்திலிருந்தும் வரவில்லை. 1937இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியிலிருந்து லோறன்ஸ் ஒரு மொலித்தனத் தகட்டைச் சிசிலியிலுள்ள பலேர்மோப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவரது சைக்கிளோத்திரனில் தியூத்தரன்கள் மோதி, கழற்றப்பட்ட பகுதி அது. மொலித்தனத்தின் அணுவெண் 42. அதன் கருவில் ஒரு புரோத்தன் கூடினால் 43. இதனை நன்குணர்ந்திருந்த எமிலியோ செக்ரே, கனிப்பொருளியற் பேராசிரியர் கார்லோ பெரியேயுடன் ஆய்வில் இறங்கினார். கண்ணுக்குப் புலப்படாத, தராசுக்கும் எட்டாத அளவே அங்கிருந்தது. ஆயினும் அது வெளிவிடும் கதிர் எந்த வீழ்படிவோடு செல்கிறது, எந்தக் கரைசலில் எஞ்சுகிறது என்பதை அவர்கள் படிப்படியாகத் தொடர்ந்தனர். சேர்க்கோனியம், நியோபியம், மொலித்தனம் ஆகியவற்றிலிருந்து அது பிரிந்தது. இரேனியத்தையே பெரிதும் ஒத்தது. பெரும் யந்திரத்தின் விளைபொருளை இனங்காட்டியது பழைய பகுப்பாய்வு இரசாயனமே என்பது குறிப்பிடத்தக்கது.

முன்னையோர் தோற்றமைக்குக் காரணம் அணுக்கருவிலுள்ளது. அயல் மூலகங்களான மொலித்தனமும் உருத்தேனியமும் அத்திணிவெண்களில் உறுதியான சமதானிகளைக் கொண்டிருப்பதால், இடைப்பட்ட 43க்கு உறுதியானதொன்று வாய்க்கவில்லை. அதன் மிக நீண்ட அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 42 இலட்சம் ஆண்டுகள்; புவியின் வயதோ 450 கோடி. ஆதியிலிருந்தது முழுவதும் எப்போதோ அழிந்துவிட்டது.

1938இல் செக்ரே பேர்க்கிலியில் இருந்தபோது, இத்தாலிய அரசின் யூத எதிர்ப்புச் சட்டங்களால் பலேர்மோப் பதவியை இழந்தார். அவ்வாண்டே அவரும் சீபோர்க்கும் அங்கு இனங்கண்ட தெக்னீசியம் 99இன் ஆறு மணிநேர அரைவாழ்வுடைய நிலை, பிற்காலத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளில் உறுப்புக்களைப் படமெடுக்கப் பயன்படலாயிற்று.

செயற்கையானது என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து, தெக்னீசியம் என்னும் பெயர் 1947இலேயே இடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952இல், போல் மெரில் சில செந்நிற விண்மீன்களின் ஒளிநிறமாலையில் அதே மூலகத்தின் கோடுகளைக் கண்டார். நெடுங்காலம் நிலைக்காத அது அங்கே காணப்பட்டமையால், விண்மீன்களின் உள்ளே மூலகங்கள் இன்னும் உருவாகின்றன என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது.