ஜீப்பின் ஆம்பியர் முள்

இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் டேஷ்போர்டில் ஓர் ஆம்மீட்டர் உண்டு. முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் மட்டும் அதன் வழியே போகாது.

இளவயதில், கீழச்சிவல்பட்டியில், மீட்டரை ஆம்பியரில் வைத்து அப்படி ஒரு ஜீப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டுவிட்டேன். பொறி பறந்தது, வயர் உருகியது. விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. “தம்பி, ஆம்மீட்டருக்குத் தடையே கிடையாது மாதிரி. லோடுக்கு முன்னாடி வரிசையிலதான் கோக்கணும்” என்றார் மெக்கானிக் அண்ணன்.

1820-ல் டென்மார்க்கின் அயர்ஸ்டெட், மின்கம்பி அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். 1879-ல் எட்வின் ஹால் கண்ட விளைவும் சேர்ந்ததுதான் இன்றைய டிசி கிளாம்ப் மீட்டர். வயரை வெட்டவே வேண்டாம்; கவ்வினால் போதும். பேரனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.