பச்சைக் கொக்கோவும் உடல்நலமும்: ஒரு வரலாறு

கொக்கோ (தியோபுரோமா கக்காவோ) தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளைப் பிறப்பிடமாகக் கொண்ட சிறு மரம் ஆகும். இதன் விதையிலிருந்து சாக்கலேட் தயாரிக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் வறுக்காத விதையும் அதன் தூளும் 'பச்சைக் கொக்கோ' என்ற பெயரில் உடல்நல உணவாக விற்கப்படுகின்றன. இது பழங்குடிகளின் தொன்மையான உணவுமுறை என்ற கருத்தும் உண்டு. வரலாறு இக்கருத்துக்கு ஓரளவே இடமளிக்கிறது.

பழங்காலப் பயன்பாடு

எக்குவடோரின் சான்டா அனா-லா புளோரிடா தொல்லியல் களத்தில் கிடைத்த மட்பாண்டங்களில், சுமார் 5,300 ஆண்டுகள் பழமையான கொக்கோ எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மாயா மக்களும் அசுட்டெக் மக்களும் விதையைப் பச்சையாக உண்பதை வழக்கமாகக் கொள்ளவில்லை. அதை நொதிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, கல்லில் அரைத்து, நீரும் மிளகாயும் சேர்த்து, நுரை எழும்பும்படி ஆற்றிப் பருகினர். 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியத் துறவி பெர்னார்டினோ டி சாகுன் தொகுத்த புளோரன்சு சுவடி, கொக்கோவை அளவாகப் பருகினால் களைப்பு நீங்கும் என்கிறது. மிகுதியாகப் பருகினால், குறிப்பாக முற்றாத பச்சைக் கொக்கோ, மயக்கம் தரும் என்றும் அது எச்சரிக்கிறது.

மருந்திலிருந்து இனிப்புக்கு

ஐரோப்பாவில் கொக்கோ முதலில் மருத்துவ குணமுள்ள பானமாகவே அறிமுகமானது. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தினர் விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். கசப்பைக் குறைக்கக் காரம் சேர்க்கும் முறையும் அவர்களால் பரவியது. 1847இல் இங்கிலாந்தின் பிரை நிறுவனம் கடித்து உண்ணும் சாக்கலேட்டை உருவாக்கியது. கசப்போடு சேர்ந்து, பிளவனால் என்னும் வேதிப்பொருள்களும் இச்செயல்முறைகளில் குறைந்தன.

தமிழ்நாட்டில் கொக்கோ

இந்தியாவில் கொக்கோ முதன்முதலில் 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் குற்றாலத்தில் நடப்பட்டது. எனினும் வணிகப் பயிராக அது வளர்ந்தது 1960களுக்குப் பின்னரே ஆகும். 1965இல் காட்பரி நிறுவனம் வயநாட்டின் சுண்டேலில் செயல்விளக்கப் பண்ணை அமைத்தது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது கேரள விவசாயிகள் பலர் மரங்களை வெட்டினர். நிழல் விரும்பும் பயிர் என்பதால் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. பழத்தை உடைத்ததும் விதையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையை அப்படியே சப்பி உண்ணலாம். அது இனிப்பும் புளிப்பும் கலந்தது. விதையோ கடுங்கசப்பு. பல நாள் நொதித்த பின்னரே அதில் சாக்கலேட் மணத்துக்கான அடிப்படை உருவாகிறது.

இன்றைய ஆய்வுகள்

பனாமாவின் தீவுகளில் வாழும் குனா மக்களுக்கு வயதானாலும் இரத்த அழுத்தம் பெரிதாக உயராததை ஆர்வர்டு ஆய்வாளர் நார்மன் ஹாலன்பெர்க் ஆராய்ந்தார். அவர்கள் அன்றாடம் பருகிய கொக்கோ கவனம் பெற்றது. நாளொன்றுக்கு 200 மி.கி. கொக்கோ பிளவனால் இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியைக் காக்க உதவும் என 2012இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றது. அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த காசுமோசு ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. நாளும் 500 மி.கி. பிளவனால் பெற்றவர்களிடம் இதயநோய் இறப்பு 27% குறைவாக இருந்தது. ஆயினும் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகளில் உறுதியான குறைவு காணப்படவில்லை.

இவ்வாய்வில் தரப்பட்டது பிரித்தெடுத்த சாறு. பச்சை விதை அன்று. வறுக்காத விதையில் பிளவனால் கூடுதலாக இருக்கலாம். ஆனால் திறந்த பெட்டிகளில் நொதிக்கும் விதையில் சேரும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளை அழிப்பதும் வறுத்தலே. எனவே பச்சைக் கொக்கோவை மருந்தாகக் கருத இச்சான்றுகள் போதுமானவை அல்ல.