டிரைபஸ் வழக்கு: காட்டப்படாத சான்று

தோட்டத்தில் ஒருவர்மீது ஒட்டுப்பால் திருடியதாகப் பழி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். "யார் பார்த்தது? எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். "அதை உனக்குக் காட்ட முடியாது, ஆனாலும் நீதான் குற்றவாளி" என்று பதில் வந்தால் அதை நாம் ஏற்போமா? பிரான்சு நாட்டில் ஓர் இராணுவ அதிகாரிக்கு இப்படித்தான் தீர்ப்பு வழங்கப்பட்டது. அந்த வழக்கின் வரலாற்றை இன்று காண்போம்.

1870-71 போரில் பிரான்சு ஜெர்மானியரிடம் தோற்று, ஆல்சேஸ் மாநிலத்தையும் லொரேனில் ஒரு பகுதியையும் பறிகொடுத்தது. அந்தப் புண் ஆறவில்லை. 1894ஆம் ஆண்டு, பாரிஸிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்தில் துப்புரவு வேலை செய்த பெண்ணின் வழியாக ஒரு கடிதம் பிரெஞ்சு உளவுத் துறையின் கைக்கு வந்தது. இராணுவ இரகசியங்களைத் தருவதாக யாரோ அதில் எழுதியிருந்தார். கையொப்பமும் இல்லை, தேதியும் இல்லை.

ஐயம் கேப்டன் ஆல்பிரட் டிரைபஸ் மீது விழுந்தது. அவர் ஆல்சேஸில் பிறந்தவர், யூதர். அன்றைய பிரான்சில் யூதர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அக்டோபர் 15ஆம் நாள் அவரைக் கைது செய்தார்கள். இருந்த சான்று கையெழுத்து ஒன்றுதான். அதைப் பார்த்த வல்லுநர் ஐவரில் இருவர் அது டிரைபஸின் எழுத்து என்று ஒப்பவில்லை. பெர்த்தியோன் என்பவரோ, டிரைபஸ் தம் எழுத்தைத் தாமே மாற்றி எழுதியிருக்கிறார் என்றார். எழுத்து ஒத்திருந்தாலும் குற்றவாளி, ஒத்திராவிட்டாலும் குற்றவாளி! இத்தகைய வாதத்திலிருந்து எந்த நிரபராதிதான் தப்ப முடியும்?

யூதரைப் பகைத்த பத்திரிகைகள் கூச்சலிட்டன. போர் அமைச்சர் மெர்சியேயும் விசாரணை தொடங்குமுன்பே குற்றம் உறுதி என்று பத்திரிகைக்குக் கூறிவிட்டார். டிசம்பர் மாதம் மூடிய கதவுக்குள் இராணுவ நீதிமன்றம் கூடியது. ஏழு நீதிபதிகளும் தீர்ப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஓர் இரகசியக் கோப்பு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. டிரைபஸுக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ அது காட்டப்படவில்லை. பிரெஞ்சுச் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. ஆயினும் ஏழு பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றார்கள். 1895 ஜனவரி 5இல் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து, வாளை முறித்தார்கள். "நான் நிரபராதி" என்று அவர் கூவினார். வெளியே நின்ற கூட்டமோ அவரைக் கொல்லச் சொல்லி ஆர்ப்பரித்தது. பிறகு அவர் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பேய்த் தீவில் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

1896இல் உளவுத் துறைத் தலைவரான பிகார், எஸ்டெர்ஹாசி என்ற வேறோர் அதிகாரியின் கையெழுத்தைக் கண்டார். கடிதத்திலிருந்த எழுத்து அதுவே! பிகார் யூதர்மேல் பற்றுடையவர் அல்லர். ஆனாலும் கண்ட உண்மையை மறைக்க அவர் மனம் ஒப்பவில்லை. மேலதிகாரிகளோ இராணுவத்தின் மானமே பெரிதென்று கருதி, அவரைத் துனீசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். டிரைபஸுக்கு எதிராக ஆன்ரி என்ற அதிகாரி பொய்க் கடிதம் ஒன்றையும் உருவாக்கினார்.

1898 ஜனவரியில் எஸ்டெர்ஹாசி விடுவிக்கப்பட்டார். இரண்டு நாளில், எழுத்தாளர் எமிலி சோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. இரகசியத் தாளைக் கொண்டு தண்டித்தது சட்டமீறல் என்று அவர் குற்றம் சாட்டினார். அதற்காக அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். ஆகஸ்டு மாதம் ஆன்ரியின் மோசடி வெளிப்பட்டது. ஒப்புக்கொண்ட அவர், மறுநாள் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

1899இல் பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆனால் மறு விசாரணை நடத்திய இராணுவ நீதிமன்றம் மீண்டும் குற்றவாளி என்றது! பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு அளித்தார். மன்னிப்பு குற்றம் செய்தவனுக்கு உரியது. டிரைபஸ் கேட்டது நீதி. 1906 ஜூலை 12இல்தான் அவர் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இழந்த பதவி உயர்வை ஈடுசெய்யும் சட்டம் ஒன்று 2025இல், அவர் மறைந்து 90 ஆண்டுகளுக்குப் பின், பிரான்சில் நிறைவேறியது.

நேயர்களே, இந்த வழக்கில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவர் பிகார். தமக்குப் பிடிக்காத இனத்தைச் சேர்ந்தவர் என்றாலும், சான்று எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே அவர் நின்றார். ஊரே ஒருவரை வெறுக்கும்போதுதான் சட்டத்தின் காவல் அவருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறது. நம் மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது பிரிவும், கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பழிச்சொல் காதில் விழும்போது, "சான்று எங்கே? அதைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா?" என்று முதலில் கேட்கப் பழகுவோம்.