வெள்ளிச் செருப்பு போட்ட டோரதி

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாக வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் இருக்கும் பேத்தி வீடியோ காலில் வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் 'தி விஸ்' என்ற பாட்டு நாடகம் போடுகிறார்களாம். இவளுக்குக் காக்கா வேஷம். "ஓஸ் நாட்டு மந்திரவாதி கதைதானே, எனக்குத் தெரியுமே" என்றேன். "இல்ல ஆச்சி, இது வேற" என்றாள். என்ன வேறு என்று தேடிப் படித்ததில் ஒரு வாரம் போய்விட்டது. வரலாற்று டீச்சர் புத்தி, ஓய்வு பெற்றாலும் போகாது.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். கன்சாஸ் என்ற ஊரில் சித்தி சித்தப்பாவோடு இருக்கும் டோரதி என்ற சிறுமியைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போய் ஓஸ் நாட்டில் போடுகிறது. வீடு திரும்ப வழி கேட்டு மஞ்சள் செங்கல் பாதையில் நடக்கிறாள். மூளை வேண்டும் என்ற வைக்கோல் பொம்மை, இதயம் வேண்டும் என்ற தகர மனிதன், தைரியம் வேண்டும் என்ற சிங்கம், மூன்றும் வழியில் சேர்ந்துகொள்கின்றன. கடைசியில் பார்த்தால் மந்திரவாதி ஒரு ஏமாற்றுக்காரன். கேட்டதெல்லாம் அவர்களிடமே முன்பே இருந்தது.

இதை எழுதியவர் எல். ஃபிராங்க் பாம். புத்தகம் 1900-இல் சிகாகோவில் வெளிவந்தது. இரண்டே வருஷத்தில், 1902-இல், அதே ஊரில் மேடையேறிவிட்டது. அந்த நாடகத்தில் டோரதியின் நாய்க்குட்டி கிடையாது, அதற்குப் பதில் ஒரு பசுமாடு! 1939-இல் ஜூடி கார்லண்ட் நடித்த சினிமா வந்தது. புத்தகத்தில் டோரதி போட்டிருப்பது வெள்ளிச் செருப்பு. வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சினிமாக்காரர்கள் அதைச் சிவப்பு மாணிக்கச் செருப்பாக மாற்றினார்கள். அதன் பிறகு உலகத்துக்கு டோரதி என்றால் சிவப்புச் செருப்பு போட்ட வெள்ளைக்காரப் பெண்தான்.

இங்கேதான் 'தி விஸ்' வருகிறது. நியூயார்க்கில் வானொலியில் வேலை பார்த்த கென் ஹார்ப்பர் என்ற கறுப்பினத்தவருக்கு ஒரு யோசனை. இதே கதையை முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து, அவர்களுடைய பேச்சு, அவர்களுடைய இசை, அவர்களுடைய ஆட்டத்தோடு போட்டால் என்ன? கறுப்பினத்தவர் நடத்திய இசை நாடகங்கள் பிராட்வேக்குப் புதிதல்ல. 1921-லேயே 'ஷஃபிள் அலாங்' வெற்றி பெற்றிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் ஒவ்வொரு குழந்தையும் தன் கதை என்று நினைக்கும் ஒன்றை எடுத்து, இது எங்கள் குழந்தையின் கதையும்தான் என்று சொன்னது பெரிய காரியம். இன ஒதுக்கலைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் 1964-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம்தான் ஆகியிருந்தது.

வில்லியம் எஃப். பிரவுன் வசனம் எழுத, சார்லி ஸ்மால்ஸ் பாட்டு எழுதி இசையமைத்தார். 1974 அக்டோபரில் பால்டிமோர் நகரில் முதலில் போட்டுப் பார்த்தார்கள். நாடகம் தடுமாறியது. நடுவழியில் இயக்குநரை மாற்றி, உடைகள் வடிவமைத்துக்கொண்டிருந்த ஜெஃப்ரி ஹோல்டரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். டிரினிடாட் தீவுக்காரர், ஓவியர், நடனக்காரர். 1973-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பாதி முகத்துக்கு வெள்ளை பூசி, உயரமான தொப்பியோடு பயமுறுத்துவாரே, அவரேதான்.

அவர் செய்த வேலையைப் படிக்கும்போது மேடை நாடகம் போட்ட எனக்குக் கை தட்டத் தோன்றியது. சூறாவளிக்கு இயந்திரம் இல்லை. ஒரு நடனப் பெண் சுழன்று ஆட, நீளமான கறுப்புத் துணி மேடை முழுக்கப் பரவுகிறது. மஞ்சள் பாதை தரையில் இல்லை. மஞ்சள் உடை போட்ட நான்கு ஆட்கள்தான் பாதை, அவர்கள் ஆடிக்கொண்டே டோரதியைக் கூட்டிப் போகிறார்கள். செருப்பும் மறுபடி வெள்ளியானது. டோரதியாக வந்தவர் ஸ்டெபனி மில்ஸ், அப்போது வயது 17.

1975 ஜனவரி 5-ஆம் தேதி பிராட்வேயின் மெஜஸ்டிக் அரங்கில் தொடக்கம். முன்பதிவு மோசம். அன்று ராத்திரியே நாடகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகை விமர்சனங்களும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, பணம் போட்டிருந்த டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் கைவிடாமல் தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் செலவு செய்தது. இரண்டாவது, கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் அக்கம்பக்கத்திலும் வாய் வழியாகப் பரவிய செய்தி. பிராட்வே பக்கமே வராத குடும்பங்கள் பாட்டி, பேரன், பேத்தியோடு கும்பலாக வந்தன. சில வாரங்களில் அரங்கு நிறைந்தது. அந்த வருஷமே சிறந்த இசை நாடகம் உட்பட ஏழு டோனி விருதுகள். இயக்கத்துக்கும் உடைக்கும் இரண்டையும் ஹோல்டரே வாங்கினார். மூடல் அறிவிப்பு ஒட்டிய நாடகம் 1979 ஜனவரி வரை, மொத்தம் 1,672 காட்சிகள் ஓடியது!

1978-இல் இதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். டயானா ராஸ் டோரதி, வைக்கோல் பொம்மையாக மைக்கேல் ஜாக்சன். டோரதியை ஹார்லெம் பகுதிப் பள்ளி ஆசிரியையாக மாற்றியும் படம் ஓடவில்லை. நாடகம் நிலைத்தது. 2015-இல் தொலைக்காட்சியில் நேரடியாக நடத்தியபோது, பழைய டோரதி ஸ்டெபனி மில்ஸ் சித்தியாக வந்தார். 2024-இல் மறுபடி பிராட்வேயில் போட்டார்கள்.

இனி, இதை ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்டு விழாவுக்கு 'சிண்ட்ரெல்லா' போட்டோம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஒரே நாளில் மொத்த வசனத்தையும் மனப்பாடம் செய்து வந்து, கணீரென்று சொல்லிக் காட்டினாள். நல்ல கறுப்பு நிறம். நான் அவளுக்குச் சித்தி வேஷத்தைக் கொடுத்துவிட்டு, வசனம் பாதி மறந்துபோகும் ஒரு சிவப்பான பெண்ணைச் சிண்ட்ரெல்லா ஆக்கினேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் கை தானாக அந்தப் பக்கம் போனது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, "சரி டீச்சர்" என்றாள். விழாவில் அதிகக் கைதட்டல் வாங்கியதும் அவள்தான். நான் அன்றைக்கு அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர வெட்கப்படவில்லை.

எத்தனையோ வருஷம் நிறவெறியைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று தூரத்து ஊர்களாகவே எழுதிப்போட்டேன். பக்கத்தில் நின்றவள் கண்ணில் படவில்லை.

அம்மா, உன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அது இன்னொரு தப்பு. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், டீச்சர் செய்தது தப்பு என்று இத்தனை காலம் கழித்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வேஷம் உன்னுடையது.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று. ஆண்டு விழா வரப்போகிறது. வேஷம் கொடுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேளுங்கள்.

பேத்தியின் நாடகம் அடுத்த மாதம். காக்காவின் போட்டோவைக் கட்டாயம் போடுகிறேன்.