வழி அடைபட்ட ஊரில் நம்பிக்கையின் அளவு

1959-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் கார்ல் மென்னிங்கர் நம்பிக்கையைப் பற்றி உரையாற்றினார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் அன்புக்கும் சமய விசுவாசத்துக்கும் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது, நம்பிக்கை என்ற தலைப்பே இல்லை என்று அங்கே குறைபட்டுக்கொண்டார். நோயாளியை எழுந்து உட்கார வைக்கும் ஒன்றைப் பற்றி மருத்துவ உலகம் வாயே திறப்பதில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

அளக்கும் வேலை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. 1974-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவர் சகாக்களும் நம்பிக்கையிழப்பை அளக்க ஒரு படிவம் தயாரித்தார்கள். அதில் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று பதில். தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1985-ல் வெளியானது. பின்னாளில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் படிவத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார்கள்.

நேர்ப்பக்கத்தை அளந்தவர் கான்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் சி.ஆர். ஸ்னைடர். இலக்கை நோக்கி நகரும் மனவுறுதி, அதற்கு வழி கண்டுபிடிக்கும் திறன், இரண்டும் சேர்ந்ததே நம்பிக்கை என்றார். 1991-ல் வெளியான அவருடைய படிவத்தில் 12 வாக்கியங்கள். நான்கு உறுதிக்கு, நான்கு வழிக்கு. மீதி நான்குக்கு மதிப்பெண் கிடையாது. எதை அளக்கிறார்கள் என்று பதில் சொல்பவர் ஊகித்துவிடாதிருக்கச் சேர்த்தவை.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் ஸ்னைடர் இதை நேரலையில் செய்து காட்டினார். நிகழ்ச்சியில் தோன்றுபவர்களிடம் முன்கூட்டியே படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டார். பிறகு பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கையை விட்டுத் தாக்குப்பிடிக்கச் சொன்னார். அதிக மதிப்பெண் வாங்கியவரின் கைதான் கடைசிவரை தண்ணீரில் இருந்தது. பார்ப்பவர்களை அசத்தும் சோதனைதான். ஆனால் அங்கே வலி தாங்காதவர் எந்த நொடியிலும் கையை வெளியே எடுத்துக்கொள்ளலாம். போரில் வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு எடுக்கும் எந்த அளவும் அவர்களுக்கு அநீதியாகவே முடியும்.

ஸ்னைடரின் படிவத்தை அரபிக்குக் கொண்டுவந்தவர் எகிப்திய உளவியலாளர் அகமத் அப்தெல்-காலிக். குவைத் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட அந்தக் கட்டுரை 2007-ல் இருவர் பெயரிலும் வெளியானது. ஸ்னைடர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். 1990-ல் ஈராக் படைகள் நுழைந்தபோது குழந்தைகளாக இருந்த தலைமுறை அது; படிவம் கையில் வந்த நாளிலோ ஊர் அமைதியாக இருந்தது. ஸ்னைடரின் கேள்விகளில் இறைவன் பெயருக்கு இடமில்லை. செவிலியர் துறையிலிருந்து வந்த கே ஹெர்த் 1992-ல் உருவாக்கிய இன்னொரு படிவம், இறைப்பற்று தரும் ஆறுதலையும் சேர்த்தே கேட்கிறது. அரபுலகில் அதைக் கேட்காமல் விட்டால் பாதி பதில் கைநழுவிப் போகும்.

பெரிய சிக்கல், ஸ்னைடர் படிவத்தில் வழியைப் பற்றிய அந்த நான்கு வாக்கியங்களில்தான். காசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 365 சதுர கிலோமீட்டர் நிலம். 2007 முதல் முற்றுகையில் இருக்கிறது. 2008-ல் அங்கே ஏழு மாணவர்களுக்கு அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்தது. வெளியே போக இஸ்ரேல் அனுமதிக்காததால் அமெரிக்க வெளியுறவுத் துறை உதவித்தொகையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவு மாறியது. அப்படியும் எல்லோருக்கும் பயணம் வாய்க்கவில்லை. இலக்கு இருந்தது, உறுதி இருந்தது, வழியையும் அவர்களே தேடிக் கண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் படிவத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அது அவருடைய மனக்குறையா, மூடிய எல்லை வாயிலின் கணக்கா? மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில், எந்த மாதத்தில், எந்த வாயில் அடைபட்டிருந்தபோது கேட்டார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மேற்குக் கரையின் பீர்சைத் பல்கலைக்கழகத்துக்கு இப்படி அடைபடுவது புதிதல்ல. 1988 ஜனவரியில் இஸ்ரேலிய ராணுவம் அதை மூடியது. திறக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஆசிரியர்கள் வீடுகளில் மறைவாக வகுப்பு எடுத்தார்கள், மாணவர்கள் அங்கே போய்ப் படித்துப் பட்டமும் வாங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் ரீட்டா ஜகாமானும் சகாக்களும் பின்னாளில் உலக சுகாதார அமைப்பின் 26 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தரப் படிவத்தைக் கையில் எடுத்தார்கள். அதை அப்படியே நீட்டிவிடாமல், முதலில் மக்களைக் குழு குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அரசியல் சுதந்திரமும் தன்னாட்சியும் இல்லாமல் நல்வாழ்வு ஏது என்பதே அந்தப் பேச்சில் கிடைத்த பதில்.

காசாவில் இதே பாதையில் நடந்தவர் மனநல மருத்துவர் இயாத் அல்-சர்ராஜ். பீர்ஷேபாவில் பிறந்து, 1948-ல் குடும்பத்தோடு காசாவுக்கு அகதியாக வந்தவர்; 1990-ல் காசா சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கினார். அவரும் ஜகாமானும் ஆய்வாளர் பிரையன் பார்பரின் குழுவோடு சேர்ந்து, பாலஸ்தீனர்களின் எழுச்சியான முதல் இன்டிஃபாதாவின்போது பதின்பருவத்தில் இருந்தவர்களைப் பேட்டி கண்டார்கள். வழக்கமான மனநலப் படிவங்களில் அடங்காத ஒரு வேதனையை அவர்கள் விவரித்தார்கள். உள்ளே நொறுங்கிப்போனோம், அழிந்துபோனோம் என்றார்கள். அந்தப் பேச்சையே கேள்விகளாக்கி 1,778 பேரிடம் கேட்ட முடிவு 2016-ல் வெளியானது. அல்-சர்ராஜ் அதைப் பார்க்கவில்லை. 2013 டிசம்பரில் இறந்துவிட்டார். நொறுங்கிய உணர்வு மனச்சோர்வோடும் அதிர்ச்சியின் பின்விளைவுகளோடும் தொடர்புடையதுதான், ஆனாலும் அவற்றில் அடங்காத தனி வேதனை என்று அந்தக் கட்டுரை நிறுவியது. மனச்சோர்வுப் படிவத்தில் நலமாக இருப்பதாகத் தேறிவிடும் ஒருவர், அவர் ஊர்க்காரர்களே எழுதிக்கொடுத்த இந்தக் கேள்விகளில் அகப்பட்டுவிடக்கூடும்.